தொட்டி மண்ணில் வெள்ளைப் பூசணம்: எப்போது பயப்பட வேண்டும், எப்போது வேண்டாம்?

(கார்த்திகை மாதம் நடந்த நம் சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில், இரண்டாம் தளத்தில் குடியிருக்கும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். இவர் ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் தொழிலில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகளும் பதில்களும் கடைசியில் உள்ளன. – ஆசிரியர் குழு)



செயலாளர் என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம், போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு படம். ஹாலில் வைத்த மணி பிளான்ட் தொட்டி. மண்ணின் மேல் பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. "இது என்ன? வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, பயமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார்கள். அரை மணி நேரத்தில் வரிசையாகப் பதில்கள். மஞ்சள் தூள் போடுங்கள், பட்டைத் தூள் போடுங்கள், வினிகர் ஊற்றுங்கள், தொட்டியோடு வீசிவிடுங்கள், கரும்பூஞ்சை வந்துவிடும். ஒருவர் மட்டும், "மண் என்றால் பூசணம் இருக்கத்தான் செய்யும், விடுங்கள்" என்று போட்டிருந்தார்.

பெரும்பாலான வீடுகளுக்கு அந்தக் கடைசிப் பதில்தான் சரி. ஆனால் சில வீடுகளுக்கு அது சரியில்லை. உங்கள் வீடு எந்த வகை என்று நீங்களே பார்த்துக்கொள்ளத்தான் இன்று பேசுகிறேன்.

நான் செடி படித்தவன் இல்லை. ஆனால் பூசணத்தோடு நீண்ட காலம் பழகியவன். எங்கள் தொழிலில் குரோமியத்தில் பதனிட்ட ஈரத் தோலை 'வெட் புளூ' என்போம். நீல நிறத்தில் ஈரத்தோடு அடுக்கி வைத்திருப்போம். மழைக்காலத்தில் கொஞ்சம் அசந்தால் அடுக்கின் ஓரத்தில் பச்சையும் கறுப்புமாகப் புள்ளி விழும். விழுந்த கறை போகாது, தோலின் தரம் இறங்கிவிடும். பூசணத்துக்கு வேண்டியது மூன்றுதான்: ஈரம், சாப்பாடு, அசையாத காற்று. இந்த மூன்றும் சேர்ந்தால் தோல் என்றும் பார்க்காது, மண் என்றும் பார்க்காது, ஊறுகாய் ஜாடி என்றும் பார்க்காது.

முதலில், அது பூசணம்தானா?

நம் ஊர் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். குழாய் முனையிலும் கெய்சரிலும் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் பார்க்கிறோம். அதே உப்பு தொட்டி மண்ணிலும் படியும். ஆகவே வெள்ளையாக எதைப் பார்த்தாலும் பழைய ஸ்பூன் ஒன்றை எடுத்துச் சுரண்டிப் பாருங்கள்.

மொறுமொறுவென்று ஓடு மாதிரி உடைந்தால் அது உப்பு. மண் தொட்டியாக இருந்தால் வெளிப்பக்கச் சுவரிலும் வெள்ளை பூத்திருக்கும். சுண்ணாம்பு உப்பாக இருந்தால் ஒரு சொட்டு வினிகர் விட்டதும் நுரைக்கும். இதற்கு மருந்து வேண்டாம். மேல் மண்ணை எடுத்துவிட்டு, மழைத் தண்ணீரையோ வடிகட்டிய தண்ணீரையோ தாராளமாக ஒரு முறை ஊற்றி அடியில் வடியவிட்டால் போதும்.

பஞ்சு போல, சிலந்தி வலை போல மென்மையாக இருந்து, தொட்டதும் நசுங்கினால் அது பூசணம்.

வெள்ளைப் பஞ்சு மண்ணில் இல்லாமல் இலைக் காம்பிலும் தண்டின் கணுவிலும் இருந்தால் அது மாவுப்பூச்சி. அதற்கு வைத்தியம் வேறு. மண்ணின் மேல் பச்சையாக வழுக்கினால் பாசி. அதுவும் தண்ணீர் அதிகம் என்பதற்கு அடையாளம்.

சில தொட்டிகளில் ஒரே ராத்திரியில் எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் குட்டிக் குடைகள் முளைத்திருக்கும். 'லியூக்கோகோப்ரினஸ்' என்ற காளான் அது. உலகம் முழுக்க வீட்டுத் தொட்டிகளில் வருவது. செடியை ஒன்றும் செய்யாது. ஆனால் தின்றால் ஆகாது. தவழும் குழந்தையோ நாய், பூனையோ இருக்கும் வீட்டில் பார்த்த உடனே பிடுங்கிப் போட்டுவிடுங்கள்.

வெள்ளைப் பூசணம் செடியைக் கொல்லுமா?

பெரும்பாலும் கொல்லாது. மண்ணின் மேல் வரும் வெள்ளைப் பூசணம் உயிருள்ள செடியைத் தின்பதில்லை. மண்ணில் கிடக்கும் சருகு, மக்காத எரு, தேங்காய் நார்த்தூள் மாதிரி செத்த பொருள்களைத்தான் தின்கிறது. குப்பை மக்குவதே இதனால்தான். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் தேங்காய் நார்க்கழிவை மக்க வைக்கச் சொல்லும் முறையில், ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவோடு சிப்பிக் காளான் வித்தையும் அடுக்கடுக்காகச் சேர்க்கச் சொல்கிறார்கள். காளான் வித்து என்பதும் வெள்ளை நூல்தான். விவசாயி காசு கொடுத்து வாங்கிப் போடுவதன் உறவுக்காரன்தான் உங்கள் தொட்டியில் சும்மா வந்து உட்கார்ந்திருக்கிறான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வெள்ளை நூல் செடியின் அடித்தண்டைச் சுற்றிக்கொண்டு, அதில் கடுகு போலப் பழுப்பு மணிகள் தெரிந்து, செடியும் வாடினால் அது 'ஸ்கிளிரோஷியம்' என்ற நோய்ப் பூசணம். இந்தப் பக்கம் நிலக்கடலை போட்டவர்களுக்குத் தண்டழுகல் என்றால் தெரியும், அதேதான். அந்தச் செடியைக் காப்பாற்றுவது கடினம். மண்ணோடு கட்டி அப்புறப்படுத்திவிட்டு, தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வையுங்கள். அந்த மண்ணை வேறு தொட்டியில் கொட்டாதீர்கள்.

மற்றபடி மண்ணின் மேல் மட்டும் வெள்ளை, செடி நன்றாக இருக்கிறது என்றால், அந்தப் பூசணம் உங்களுக்கு ஒரு தகவல் சொல்கிறது: இந்த மண் காயவே இல்லை.

ஏன் ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வருகிறது?

நம் வேலூர் மாவட்ட வெயில் உங்களுக்குத் தெரியும். சித்திரை, வைகாசியில் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் இருக்காது. அதனால் தினமும் ஊற்றிக் கை பழகிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை வந்து காற்றே ஈரமாகிவிட்ட பிறகும் அதே சொம்பு, அதே அளவு. கூடவே சாரல் அடிக்கிறது என்று ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். பூசணத்துக்கு நாம் பாய் விரித்துப் போட்ட மாதிரிதான்.

துளசித் தொட்டியில் இது இன்னும் அதிகம். பூஜைக்குத் தினமும் ஒரு சொம்பு ஊற்றுகிறோம். மழைக்காலத்தில் ஒரு உத்தரணித் தண்ணீர் விட்டுக் கும்பிட்டால் போதும். செடி பிழைத்தால்தானே நாளைக்கும் பூஜை?

அடுத்தது சாப்பாடு. அரிசி கழுவிய தண்ணீர், பால் பாத்திரம் அலசிய தண்ணீர், டீத்தூள், வாழைப்பழத் தோல். எதையும் வீணாக்கக் கூடாது என்பது நல்ல எண்ணம். ஆனால் வெயில் படும் தோட்டத்து மண்ணுக்கு ஏற்றது, ஹாலில் இருக்கும் எட்டு அங்குலத் தொட்டிக்கு ஏற்றதில்லை. அங்கே செடி குடிப்பதற்கு முன் பூசணம் குடித்துவிடும்.

நம் ஊருக்கே உரிய இன்னொன்று ஆட்டு எரு. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை நடக்கும் ஊர் இது. ஆட்டுப் புழுக்கை கிடைப்பதற்கு இங்கே பஞ்சமில்லை. நல்ல எருதான், நானும் போடுகிறேன். ஆனால் உருண்டை உருண்டையாக அப்படியே தொட்டியில் போட்டால் மூன்றாம் நாள் வெள்ளை முடி முளைக்கும். ஆடு தின்னும் தழையோடு வயிற்றுக்குள் போகிற பூசண வித்து, புழுக்கையோடு வெளியே வந்து ஈரம் கிடைத்ததும் முளைக்கிறது. மாதக்கணக்கில் மக்கவிட்டு, கையில் எடுத்தால் தூளாக உதிர்ந்து மண் வாசனை வரும் எருவை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

என்ன செய்யலாம்?

நான் செய்வதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று. தொட்டியை பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ எடுத்துப் போங்கள். ஃபேனுக்குக் கீழே வைத்துச் சுரண்டாதீர்கள்.

இரண்டு. பூசணத்தின் மேல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். காய்ந்த பூசணத்தைச் சுரண்டினால் வித்து தூசியாகப் பறக்கும். நனைத்தால் பறக்காது.

மூன்று. மூக்கையும் வாயையும் நன்றாக மூடும் மாஸ்க், கையில் உறை. பழைய ஸ்பூனால் மேல் மண்ணை 2 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக் குப்பையில் சேருங்கள். பொது நடைபாதையில் கொட்டிப் பெருக்காதீர்கள்.

நான்கு. தொட்டியின் விளிம்பையும் அடித்தட்டையும் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். தட்டில் தண்ணீர் தேங்கவே கூடாது. பூசணத்துக்கு மட்டுமல்ல, டெங்கு கொசு முட்டையிடுவதும் இந்தத் தட்டுத் தண்ணீரில்தான்.

ஐந்து. எடுத்த மண்ணுக்குப் பதிலாகக் காய்ந்த செம்மண்ணும் மணலும் கலந்து மேலே போடுங்கள்.

ஆறு. இதுதான் முக்கியம். தண்ணீரை நிறுத்துங்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். விரலில் ஈர மண் ஒட்டினால் இன்று தண்ணீர் வேண்டாம். ஒட்டவில்லை என்றால் ஊற்றுங்கள், அடி ஓட்டை வழியாக வடியும் வரை ஊற்றுங்கள், வடிந்ததைக் கொட்டிவிடுங்கள். கிழமை பார்த்து ஊற்றாதீர்கள், விரலைக் கேட்டு ஊற்றுங்கள். ஸ்நேக் பிளான்ட், கற்றாழை வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஊற்றாவிட்டாலும் செடி சாகாது.

ஏழு. காற்றும் வெளிச்சமும். மூலையில் இருக்கும் தொட்டியை ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள். மழை விட்ட நேரத்தில் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்தில் திரும்ப வந்தால், செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக உறுதியாக இருந்தால் நல்ல வேர். பழுப்பாகக் குழைந்து நாற்றம் அடித்தால் அழுகல். அழுகியதை வெட்டிவிட்டு, வடியக்கூடிய புது மண்ணில் வையுங்கள். அடியில் ஓட்டை உண்டா என்றும் பாருங்கள். அழகான பீங்கான் தொட்டிகள் பலவற்றில் ஓட்டையே இருப்பதில்லை.

மருந்து வேண்டாம்

இதில் என் தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் பூசணம் என்றால் கை தானாக மருந்துக்குப் போகும். வெட் புளூவுக்குப் பூசணக்கொல்லி போடாமல் ஒரு லாட்டும் வெளியே போகாது. அந்தப் பழக்கத்தில், ஓய்வு பெற்ற முதல் மழைக்காலத்தில், உரக்கடையில் பூசணக்கொல்லி வாங்கிக் கரைத்து ஹாலில் இருந்த ஐந்து தொட்டிக்கும் ஊற்றினேன். அளவெல்லாம் கண்மதிப்புதான். இரண்டு நாள் வீட்டில் நெடி. பேத்தி இருமினாள். வீட்டுக்காரம்மா பேசிய பேச்சை இங்கே சொல்ல முடியாது. இவ்வளவுக்கும் பிறகு மூன்றாம் வாரம் பூசணம் திரும்பி வந்தது. ஏனென்றால் நான் தண்ணீரைக் குறைக்கவில்லை.

தொழிற்சாலையில் கையுறை உண்டு, காற்றோட்டம் உண்டு, அளந்து போட ஆள் உண்டு. வீட்டு ஹாலில் அது எதுவும் இல்லை. வயலுக்கான மருந்து வயலுக்குத்தான். பிளீச்சிங் பவுடரும் வினிகரும் வேரைச் சுடும். சமையல் சோடா மண்ணில் உப்பைக் கூட்டும், நம் தண்ணீரிலேயே உப்பு போதுமான அளவு இருக்கிறது. பட்டைத் தூளும் மஞ்சள் தூளும் கெடுதல் செய்யாது. ஆனால் மண் ஈரமாகவே இருந்தால் அவற்றின் மேலேயே பூசணம் வளரும்.

இனி, பயப்பட வேண்டிய வீடுகள்

இதுவரை சொன்னது ஆரோக்கியமானவர்கள் இருக்கும் வீட்டுக்கு. இப்போது சொல்வதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள்.

நாலு வருடத்துக்கு முன் என் தம்பிக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. நாட்டிலேயே வெற்றிகரமாக நடந்த முதல் சிறுநீரக மாற்று 1971-ல் நம் வேலூர் சி.எம்.சி.யில்தான். அதனால் இந்த வார்த்தை இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதில்லை. வேலூருக்குப் பரிசோதனைக்கு வந்து போக வசதி என்று தம்பி எங்கள் வீட்டிலேயே சில மாதம் தங்கினான். அவனுக்குச் செடி என்றால் உயிர். பார்க்க வந்த சொந்தமும் அக்கம்பக்கமும் பழத்தோடு ஆளுக்கொரு தொட்டியும் கொண்டுவந்தார்கள். "அறையில் வையுங்கள், காற்று சுத்தமாகும்" என்றார்கள். நானும் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் நாலு தொட்டி வைத்தேன். அது கார்த்திகை மாதம். இரண்டாம் வாரம் மூன்று தொட்டியில் வெள்ளை. அவன் உட்கார்ந்தபடியே சுரண்டிக்கொண்டிருந்தான், வெறுங்கையால்.

அடுத்த பரிசோதனையில் மருத்துவர் பேச்சுவாக்கில் கேட்டார்: வீட்டில் செடி, பறவை, சிமென்ட் வேலை ஏதாவது உண்டா? நான் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. டிஸ்சார்ஜ் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். தொட்டிச் செடி படுக்கையறையில் கூடாது, மண் வேலை கூடாது என்று அச்சடித்தே இருந்தது. மருந்து நேரத்தை மட்டும் படித்த நான் அதைப் படிக்கவில்லை.

தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு உட்கார முடியவில்லை.

விஷயம் இதுதான். மண்ணிலும் மக்கும் குப்பையிலும் 'ஆஸ்பெர்ஜில்லஸ்' என்ற பூசணம் சாதாரணமாக இருக்கிறது. அதன் வித்து ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். மூக்கில் நிற்காமல் நுரையீரலின் அடி வரை போய்விடும். நாம் எல்லோரும் தினமும் அதைச் சுவாசிக்கிறோம். உடம்பின் காவல் அதைக் கொன்றுவிடுகிறது. மாற்று உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்தக் காவலை மருந்தே தணித்து வைத்திருக்கிறது. அவர்களுக்கு அதே வித்து நுரையீரலில் முளைக்க முடியும். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் முதல் முறையாக ஆபத்தான பூசணங்களின் பட்டியல் ஒன்று வெளியிட்டது. மொத்தம் 19. மிக ஆபத்து என்று பிரித்த முதல் வரிசையில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபுமிகேட்டஸ் இருக்கிறது. உறுப்பு மாற்று, ரத்தப் புற்றுநோய் சிகிச்சை நடக்கும் வார்டுகளில் தொட்டிச் செடியும் பூங்கொத்தும் அனுமதிக்காததற்கு இதுதான் காரணம்.

கவனமாக இருக்க வேண்டியவர்கள் யார்? உறுப்பு மாற்றோ எலும்பு மஜ்ஜை மாற்றோ செய்துகொண்டவர்கள். புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள். நீண்ட நாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள். கட்டுக்கு அடங்காத சர்க்கரை உள்ளவர்கள். கடுமையான ஆஸ்துமாவோ பழைய நுரையீரல் நோயோ உள்ளவர்கள். இவர்களில் ஒருவர் வீட்டில் இருந்தால், தொட்டிகள் அவர் படுக்கும் அறையில் வேண்டாம். பூசணம் சுரண்டுவதும் மண் மாற்றுவதும் அவர் கையால் வேண்டாம், அவர் பக்கத்தில் இருக்கும்போதும் வேண்டாம். மீதியை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விடாத காய்ச்சலோ இருமலோ வந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி நாள் கடத்தாமல் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடமே போங்கள்.

"காற்று சுத்தமாகும்" என்ற பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1989-ல் அமெரிக்காவின் நாசா, மூடிய சிறு பெட்டிக்குள் செடி வைத்துச் செய்த ஆய்விலிருந்து கிளம்பியது அது. 2019-ல் அதையும் அது போன்ற மற்ற ஆய்வுகளையும் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், ஜன்னல் திறப்பதால் கிடைக்கும் பலனைச் செடியால் பெற வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்து தொட்டி வேண்டும் என்றார்கள். செடி கண்ணுக்கு நல்லது, மனதுக்கு நல்லது. காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள்.

தம்பியின் தொட்டிகளை நாங்கள் வீசவில்லை. பால்கனிக்கு மாற்றினோம். அறை ஜன்னல் கண்ணாடி வழியாக அவன் பார்ப்பான். உள்ளே இருந்தபடியே, "அண்ணா, நேற்றுதான் ஊற்றினாய், இன்று வேண்டாம்" என்பான். விரலை விட்டுப் பார்க்கும் பழக்கத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள்

முதலாவது, நோயாளியைப் பார்க்கப் போகும்போது தொட்டிச் செடி கொடுக்கும் பழக்கத்தை நம் குடியிருப்பில் நிறுத்திக்கொள்வோம். பழம் கொடுங்கள். அதையும் என்ன பழம் ஆகும் என்று கேட்டுக் கொடுங்கள்.

இரண்டாவது, நடைபாதையில் தொட்டி வைத்திருப்பவர்கள், பக்கத்து வீட்டில் இப்படிப்பட்ட சிகிச்சையில் யாராவது இருப்பதாகச் சொன்னால், ஏன் எதற்கு என்று துருவாமல் தொட்டியை நகர்த்திவிடுங்கள். எல்லோரும் தங்கள் நோயை வெளியே சொல்ல விரும்ப மாட்டார்கள்.

மூன்றாவது, மண் மாற்றுவது, எரு கலப்பது எல்லாவற்றையும் மொட்டை மாடியின் ஒரு மூலையில் வைத்துக்கொள்வோம். மாடிப்படியிலும் லிஃப்ட் பக்கத்திலும் வேண்டாம்.



கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகள்

*ஐயா, கரும்பூஞ்சை என்கிறார்களே, தொட்டியில் கறுப்பாக வந்தால் அதுதானா?*

இல்லை. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது எல்லோரும் பயந்தது 'மியூக்கர்மைக்கோசிஸ்' என்ற நோய்க்கு. அதில் கறுப்பாவது நோயாளியின் செத்துப்போன சதை. பூசணத்தின் நிறத்தால் வந்த பெயர் இல்லை. தொட்டியில் கறுப்பாக இருப்பது வேறு எத்தனையோ வகையாக இருக்கலாம். ஆனால் அந்த நோயை உண்டாக்கும் பூசணங்களும் மண்ணில்தான் வாழ்கின்றன. அன்று அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் ஸ்டீராய்டு எடுத்தவர்களும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுவதில்லை. ஆகவே தொட்டியின் நிறத்தைப் பார்த்துப் பயப்படுவதை விட, உங்கள் சர்க்கரை அளவைப் பாருங்கள்.

*தொட்டியைச் சுற்றிக் குட்டிக் கறுப்பு ஈ பறக்கிறது. அதற்கும் பூசணத்துக்கும் சம்பந்தம் உண்டா?*

உண்டு அம்மா. ஈர மண்ணில் முட்டையிடும் ஈ அது. அதன் புழு பூசணத்தையும் மக்கும் பொருளையும் தின்னும், இளம் வேரையும் கடிக்கும். மேல் மண் காய்ந்தால் முட்டை பிழைக்காது. மஞ்சள் நிற ஒட்டும் அட்டை ஒன்றைத் தொட்டியில் குத்தி வைத்தால் பறக்கும் ஈக்கள் ஒட்டிக்கொள்ளும்.

*டிரைக்கோடெர்மா போடலாமா? என் அண்ணன் வயலில் போடுகிறார்.*

வயலுக்கும் மாடித் தோட்டத்துக்கும் நல்லது. வேரழுகலைத் தடுக்க வேளாண்மைத் துறை பரிந்துரைப்பதுதான். ஆனால் டிரைக்கோடெர்மாவே ஒரு பூசணம். முதலில் வெள்ளையாகவும் பிறகு பச்சையாகவும் வளரும். போட்டுவிட்டு, "ஐயோ, பூசணம்" என்று மறுபடி படம் போடாதீர்கள். முன்பு சொன்ன நோயாளிகள் இருக்கும் வீட்டுக்குள் அதுவும் வேண்டாம்.

*எடுத்த பழைய மண்ணைத் திரும்பப் பயன்படுத்தலாமா?*

செடி நோயால் செத்த மண் இல்லை என்றால் பயன்படுத்தலாம். நம் ஊர் வெயிலை விட நல்ல மருந்து எது? சித்திரை, வைகாசியில் மொட்டை மாடியில் மண்ணை மெல்லியதாகப் பரப்பி, லேசாக நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் ஷீட்டால் மூடி, ஓரத்தில் கல் வைத்துவிடுங்கள். நாலு முதல் ஆறு வாரம் அப்படியே விடுங்கள். உள்ளே சூடு ஏறிப் பெரும்பாலான பூசணமும் பூச்சி முட்டையும் செத்துவிடும். பிறகு மக்கிய எரு கலந்து பயன்படுத்துங்கள்.

*அப்படியானால் அந்த வாட்ஸ்அப் படத்தில் இருந்த தொட்டி என்ன ஆயிற்று?*

(பேச்சாளர் பதில் சொல்வதற்குள் முதல் தளத்து உறுப்பினர் எழுந்து சொன்னது:) மேல் மண்ணை எடுத்துவிட்டு பத்து நாள் தண்ணீரே ஊற்றவில்லை. அரிசி கழுவிய தண்ணீரையும் நிறுத்திவிட்டேன். இப்போது வெள்ளை இல்லை, புதிதாக இரண்டு இலை விட்டிருக்கிறது. ஆனாலும் எங்கள் மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது. தொட்டியை பால்கனியில்தான் வைத்திருக்கிறேன்.